தட்டியதும் விட்டவள்

நிசாந்தினிக்கு முப்பத்திரண்டு வயது. வேலணைத் தீவில் தோட்டம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். பாடசாலைக் காலத்திலும் அதற்குப் பிறகு ஆறு வருடங்களும் ஜூடோ விளையாடினாள். ஐம்பத்தேழு கிலோ பிரிவில் மாகாண மட்டத்தில் மூன்று தங்கம், தேசிய மட்டத்தில் ஒரு வெண்கலம். கலியாணத்தோடு விளையாட்டு நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் பயிற்சி முடியும் நேரத்தில் தீவுக்குத் திரும்ப பஸ் இருக்காது, அவ்வளவுதான். இப்போது கணவன் வேதநாதனோடு சாட்டிக் கடற்கரையில் குளிர்பானக் கடை நடத்துகிறாள்.

2023 சித்திரை விடுமுறையில் ஒரு ஞாயிறு பின்னேரம், வான் வண்டியில் வந்த நான்கு பேர் குடித்துவிட்டுக் கடலில் குளித்தார்கள். அவர்களில் ஒருவன் ஈரத்தோடு கடைக்கு வந்து, அங்கே நின்ற இரண்டு பெண்பிள்ளைகளின் தலையில் தண்ணீரை ஊற்றிச் சிரித்தான். அவன் பெயர் சுஜிதன் என்பது பிறகுதான் தெரியவந்தது.

“தம்பி, அங்காலை போம்,” என்றான் வேதநாதன்.

சுஜிதன் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, வேதநாதனின் கழுத்தைப் பிடித்துத் தூணோடு அழுத்தினான்.

நிசாந்தினி பாய்ந்து போனாள். அவளுடைய கைகள் வழக்கப்படி சட்டையின் கழுத்தையும் கையையும் தேடின. அவன் மேலில் சட்டை இல்லை. உப்புத் தண்ணீரும் மணலும்தான் இருந்தன. இரண்டு தடவை பிடித்தாள், இரண்டு தடவையும் வழுக்கியது. அத்தனை வருடமும் தடித்த உடுப்பைப் பிடித்துப் பழகிய கைகள் அவை. மூன்றாவதாக அவனுக்குப் பின்னால் போய், கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, அவனோடு சேர்ந்து மணலில் விழுந்தாள். பிடி சரியாக விழுந்தது. மெத்தையில் என்றால் ஆட்டம் அத்தோடு முடிந்திருக்கும்.

ஐந்தாறு விநாடிக்குள் அவனுடைய கை அவள் கையில் இரண்டு தடவை தட்டியது.

அவள் விட்டாள். விட வேண்டும் என்று நினைத்து விடவில்லை. கைகள் தாமாகவே திறந்துகொண்டன.

சுஜிதன் இருமிக்கொண்டு எழும்பினான். சோடாப் பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்துத் தூணில் அடித்து உடைத்தான். போத்தலோடு அவன் பாய, அவள் கையை உயர்த்தினாள். முழங்கைக்குக் கீழே நீளமாகக் கிழிந்தது. இரத்தத்தைக் கண்டதும் கூட வந்தவர்கள் அவனை இழுத்துக்கொண்டு வானுக்கு ஓடினார்கள். அதுவரை வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் வானின் இலக்கத்தையும் எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓட்டோவில் வேதநாதன் கேட்டான்: “ஏன் விட்டனீர்?”

“அவன் தட்டினவன்.”

“தட்டினா?”

“ஜூடோவிலை தட்டினா தோத்திட்டன் எண்டு அர்த்தம். விடவேணும்.”

ஆஸ்பத்திரியில் பதினொரு தையல் போட்டார்கள்.

வீடியோ பரவியது. ஜூடோ றோட்டில் உதவாது என்று சிலர் எழுதினார்கள். சட்டை போட்டிருந்தால் அவன் பறந்திருப்பான் என்று சிலர் எழுதினார்கள். அந்த மாதங்களில் நிசாந்தினிக்கு இருந்தது ஒரே கோபம்தான். அவன் தோற்றதாகக் காட்டிவிட்டு ஏமாற்றினான் என்பது.

ஆவணியில் வழக்குக்குப் போனாள். வழக்கு கூப்பிடும்வரை இரண்டு தரப்பும் நீதிமன்றத்தின் ஒரே விறாந்தையில் நிற்க வேண்டியிருந்தது. சுஜிதன் குனிந்த தலையோடு நின்றான். அவள் நேரே போய்க் கேட்டாள்.

“அண்டைக்கு ஏன் என்ரை கையிலை தட்டினனீர்?”

அவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. “தட்டினனானோ? மூச்சு வரேல்லை அக்கா. கையைக் காலை அடிச்சிருப்பன்.”

“தட்டினா விடுவினம் எண்டு உமக்குத் தெரியாதோ?”

“ஆர் விடுவினம்?”

அவள் திரும்பி வந்து வேதநாதனுக்குப் பக்கத்தில் நின்றாள். சுஜிதன் நட்டஈடு கட்ட வேண்டும், ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் உண்டு என்று சொன்னார்கள். தீர்ப்பு அவள் காதில் பாதிதான் விழுந்தது. அப்படியொரு விதி இருப்பதே தெரியாத ஒருவனை நான்கு மாதமாக ஏமாற்றுக்காரன் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கை ஆறிய பிறகு பழைய தோழி நிருஜாவிடம் போனாள். நிருஜா இன்னும் யாழ்ப்பாணத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

“நீ தட்டு. நான் விடாமல் இருந்து பாக்கப்போறன்,” என்றாள் நிசாந்தினி.

“உனக்கென்ன விசரே?”

ஆனாலும் நிருஜா மெத்தையில் இருந்தாள். முதல் தடவை தட்டியதும் பிடி விட்டது. இரண்டாம் தடவையும் விட்டது. மூன்றாம் தடவை நிசாந்தினி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு விநாடி கூடப் பிடித்தாள். நிருஜாவின் காது சிவந்து, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நிசாந்தினி கையை எடுத்துவிட்டு வெளியே போய்ப் படியில் இருந்தாள்.

நிருஜா கழுத்தைத் தடவிக்கொண்டு பின்னால் வந்தாள். “பழகியிட்டியோ?”

“இல்லை. எனக்கு இது வேண்டாம்.”

போன வருடம் கடைக்கு முன்னால் மறுபடியும் ஒரு சண்டை வந்தது. கதிரைகள் பறந்தன. வேதநாதன் விலக்கப் போகக் கால் எடுத்தபோது, நிசாந்தினி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு றோட்டுப் பக்கம் ஓடினாள்.

“கடை திறந்து கிடக்கு!” என்றான் அவன்.

“கிடக்கட்டும்.”

றோட்டுக்கரையில் நின்று பொலிசுக்குப் போன் அடித்தாள். எல்லாம் அடங்கிய பிறகு வந்து பார்த்தார்கள். குளிர்சாதனப் பெட்டியின் கண்ணாடி வெடித்திருந்தது.

“நீர் ஓடினதை எல்லாரும் பாத்திட்டினம்,” என்றான் வேதநாதன். “வெண்கலப் பதக்கம் எடுத்த ஆள்.”

“நீங்களும்தானே ஓடினியள்,” என்று சொல்லிவிட்டு, அவள் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டத் தொடங்கினாள்.