பூட்டிய காம்பராவும் ஒரு நோர்வே சொல்லும்

நோர்வேக்காரர்களுக்கு அறை என்றால் ‘ரும்’. இடம் என்றாலும் ‘ரும்’தான். குடிக்கிற ரம்மும் அதே ‘ரும்’! காலையில் பதுளை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த நோர்வேக்காரப் பெண் சொல்லித் தந்தார்.

இறங்கியதும் நேரே தோட்ட ஆபீசுக்குப் போனேன்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் ஆறு பேருக்கும் ஒரே காம்பரா, அதாவது ஒரே அறை. அக்காவுக்கு அடுத்த மாதம் ஏ.எல். பரீட்சை. பக்கத்துக் காம்பரா ஒரு வருசமாகப் பூட்டிக் கிடக்கிறது. அம்மா மூன்று தடவை தமிழில் கேட்டும் ஆபீசில் தரவில்லை. புதுச் சொல்லிலாவது கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

“ஐயா, ரும் இருக்குங்களா?”

ஆபீஸ் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் விழுந்து விழுந்து சிரித்தார். “மீசையே மொளைக்கல, அதுக்குள்ள ரம் கேக்குதா? ஹாலிஎல டவுனுக்குப் போடா!”

“அது இல்லீங்க. அக்கா படிக்க அந்தப் பூட்டுன காம்பராவக் கேட்டேன்.”

சிரிப்பு நின்றது. “அதுக்கெல்லாம் எடமில்ல. போ, போ.”

ரம்முக்கு வழி காட்டிய அதே வாய்!

அக்கா இந்த நிமிடமும் கோயில் படியில் குடை பிடித்துக்கொண்டு படிக்கிறாள்.

தமிழும் நோர்வேயும் பலிக்கவில்லை. எந்த மொழியில் கேட்டால் அந்தப் பூட்டுத் திறக்கும்? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், நாளைக்கே மனப்பாடம் செய்துகொண்டு போகிறேன்.