இந்திராதேவிக்குத் தெரியாத பிரெஞ்சு

தியாகலிங்கம் மோட்டார் ஹோம் வாங்கப்போகிறேன் என்று சொன்னபோது இந்திராதேவி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்த மனுசன் இப்படி வாங்கி வந்தவை ஏற்கெனவே வீட்டில் கிடந்தன. உடற்பயிற்சிக்கு ஓடுகிற மெஷினில் குளிர்க்கோட்டுகள் தொங்கின. மீன் பிடிக்கிற தடிகள் பேஸ்மென்டில் ஒட்டடை பிடித்துக்கொண்டிருந்தன.

"வீட்டுக்குச் சில்லுப் பூட்டி றோட்டிலை இழுத்துக்கொண்டு திரிய ஆருக்கு விசர்?" என்று மட்டும் கேட்டாள்.

விசருக்குக் காரணம் அவளுக்குத் தெரியும். மொன்றியலுக்குப் பக்கத்துப் புரோசார்டில் இருக்கிற ஞானேந்திரன் ஏரிக்கரையில் ஒரு கொட்டேஜ் வாங்கியிருந்தார். வாங்கினவர் சும்மா இருக்கவில்லை. சனி ஞாயிறு என்றால் காலை நீட்டிக் கதிரையில் சாய்ந்திருக்கிற படம் வாட்சப்பில் வந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் தியாகலிங்கத்தின் முகம் ஒரு மாதிரிக் கறுக்கும். ஏரிக்கரை வீட்டுக்கு வழியில்லை. சில்லு வைத்த வீட்டுக்கு வழியிருந்தது.

தியாகலிங்கம் துறைமுகத்தில் கொன்டெயினர் ட்றக் ஓடி இளைப்பாறியவர். ஆகவே, சில்லு உள்ள எதைப் பற்றியும் தனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்பது அவருடைய எண்ணம். பிரெஞ்சில் அவருக்கு பொன்ஜூர், மெர்சி, ஓம் என்பதற்கு வி என்று மூன்று சொல் தெரியும். மொன்றியலில் இத்தனை வருசத்தையும் அந்த மூன்றோடு தள்ளிவிட்டதில் பெருமையும் இருந்தது. இந்திராதேவி கிழக்குப் பக்கத்தில் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் சமையல் வேலை செய்தவள். சின்னப் பிள்ளைகள் யாரையும் பேசாமல் இருக்க விடமாட்டார்கள். பசிக்கிறது, விழுந்துவிட்டேன், இவன் கடித்துவிட்டான் என்று அவர்கள் வந்து நிற்க நிற்க, கேட்கவும் ஏசவும் தேற்றவும் அவளுக்கு பிரெஞ்சு வந்துவிட்டது. அதைத் தியாகலிங்கம் விருந்தாட்களுக்கு முன்னால் "பால்குடியளின்ரை பிரெஞ்சு" என்று சொல்லிச் சிரிப்பார். அவளும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தவர் ஜில் என்று ஒரு கியூபெக் கிழவர். வீடு மொன்றியல் தீவின் கிழக்கு முனையில். மனைவிக்கு முழங்கால் தேய்ந்து, வாகனத்தின் படியில் ஏற முடியாமல் போனதால் விற்கிறாராம். காரில் போகும்போதே தியாகலிங்கம் கட்டளை போட்டுவிட்டார்.

"அங்கை நீர் வாய் திறக்கக் கூடாது. பொம்பிளையள் நல்லாயிருக்கு எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும், விலையை ஏத்திப்போடுவான்."

அவள் சரி என்றாள்.

ஜில் ஒளிவுமறைவில்லாத மனிதர். வாகனத்தின் கதவைத் திறந்ததும் முதல் வேலையாகக் கூரையைக் காட்டினார். "ஸா கூல்" என்றார். பிரெஞ்சில் அதற்கு ஒழுகுகிறது என்று அர்த்தம். அவர் விரல் நீட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஏசி இருந்தது. தியாகலிங்கம் அதை அண்ணாந்து பார்த்து, "கூல், கூல், வெரி குட்" என்றார்.

கிழவர் குழம்பிப்போனார். மறுபடி கூரையைத் தட்டினார், கைவிரல்களால் மழை பெய்து காட்டினார். "வி, வி" என்றார் தியாகலிங்கம். ஏசி சாரல்போலக் குளிர் அடிக்குமாம் என்று இவளுக்குத் தமிழில் விளக்கமும் சொன்னார். பிறகு கிழவர் கட்டிலடி மூலையில் காலால் அழுத்தினார். பலகை பஞ்சுபோல உள்ளே போனது. "பூரி" என்றார். உக்கிவிட்டது என்று அர்த்தம். தியாகலிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கடை சாப்பாடெல்லாம் தெரிஞ்சு வைச்சிருக்கிறான், பாத்தீரே!"

இந்திராதேவி சன்னல் சீலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வரவில்லை. இவ்வளவு வருசமும் இந்த ஆளுக்குப் பயந்தா வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்றுதான் வந்தது.

விலை பேசும்போது தியாகலிங்கம் பாதிக்குக் கிட்டக் குறைத்துக் கேட்டார். கிழவர் உடனே தலையாட்டினார். கூரையும் தரையும் போன வாகனத்துக்கு அது நியாயமான விலைதான். தன் சாமர்த்தியம் என்று நினைத்துத் தியாகலிங்கம் இவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஜில்லுக்கு மனம் கேட்கவில்லை. அவள் பக்கம் திரும்பி, மடாம், உங்களுக்கு பிரெஞ்சு தெரியுமா என்று கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். சொல்லவேண்டும் என்றுதான் திறந்தாள்.

"நோ, நோ," என்று, பிரெஞ்சு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்ட தியாகலிங்கம் முந்திக்கொண்டார். "ஷீ நோ பிரெஞ்ச்."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஜூலையில் முதல் பயணம். ஞானேந்திரனையும் மனைவி சர்மிளாவையும் ஏற்றாமல் போனால் வாங்கியதற்கே அர்த்தமில்லை என்று அவர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு காம்பிங் இடத்துக்குப் போனார்கள். வழி முழுக்கத் தியாகலிங்கம் ஏசியைப் புகழ்ந்தார். மத்தியானம் நாலு பேரும் உள்ளே சாப்பிட உட்கார்ந்தபோது மழை பிடித்தது. முதல் சொட்டு ஞானேந்திரனின் வழுக்கையில் விழுந்தது. இரண்டாவது மீன்குழம்பில். பிறகு சொட்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஒரே ஊற்றல். சர்மிளா கோப்பையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஒதுங்கினாள். அங்கே அவளுடைய கால் தரைக்குள் இறங்கியது.

"கள்ளன்! கிழடன் ஏமாத்திப்போட்டான்," என்றார் தியாகலிங்கம்.

இந்திராதேவி சர்மிளாவின் காலை இழுத்து எடுத்துவிட்டு, துவாயால் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "அவன் ஏமாத்தேல்லை. கூல் எண்டது ஒழுகுது எண்டு. பூரி எண்டது உக்கிப்போச்சு எண்டு. ரெண்டையும் தொட்டுத் தொட்டுக் காட்டினவன்."

"அப்ப அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"எனக்கு பிரெஞ்சு தெரியாதெண்டு நீங்கள்தானே அவனிட்டைச் சொன்னனீங்கள்."

ஞானேந்திரன் சிரித்த சிரிப்பில் வாகனமே ஆடியது. அவரும் பெரிய ஆள் இல்லை. கொட்டேஜின் படங்களை அனுப்புகிறவர், அங்கே நுளம்பு பிடுங்கியெடுக்கிறதை மட்டும் அனுப்புவதில்லை. சர்மிளா இவளிடம் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபின் தியாகலிங்கம் கோர்ட்டுக்குப் போகப்போவதாக ஒரு கிழமை முழங்கினார். விற்கச் சொன்னாலும் கேட்கவில்லை. விற்றால் தோற்றதாகிவிடும். இந்திராதேவி தானே ஜில்லுக்குப் போன் எடுத்தாள். இவளுடைய பிரெஞ்சைக் கேட்ட கிழவர், மடாம், நீங்களா என்று இரண்டுதரம் கேட்டார். பிறகு, உங்கள் புருசன் ஏன் அவ்வளவு சந்தோசப்பட்டார் என்று இன்றைக்கும் எனக்கும் மனைவிக்கும் விளங்கவில்லை என்றார். அடுத்த சனிக்கிழமை ஏணியோடும் ஒட்டுகிற தாரோடும் வந்து இறங்கினார்.

கூரையில் ஏறித் தியாகலிங்கத்துக்கு வேலையைச் செய்து காட்டிவிட்டு, கிழவர் இறங்கிவந்து கீழே நின்று பிரெஞ்சில் சொன்னார். இந்திராதேவி மேலே கேட்கத் தமிழில் சொன்னாள். அவசரம் வேண்டாம், மெல்லப் பூசலாம் என்றார் ஜில். "அவசரக்காரருக்கு இந்த வேலை சரிவராதாம்," என்றாள் அவள். மூலையை மறக்கவேண்டாம் என்றார் ஜில். "கண்ணிருந்தால் மூலையையும் பாக்கட்டாம்," என்றாள். தியாகலிங்கம் ஒரு மறுபேச்சும் இல்லாமல் மூலைக்குத் தவழ்ந்து போனார். வெள்ளைக்காரன் சொன்னால் அவருக்குக் கேட்கும்.

சற்று நேரம் அண்ணாந்து பார்த்திருந்த கிழவர், உங்கள் புருசன் நன்றாக வேலை செய்கிறார், நான்கூட இவ்வளவு சுத்தமாகப் பூசியதில்லை என்றார். அதை அவள் மேலே அனுப்பவில்லை.

சோறு ஆறிப்போகும் என்று ஜில்லை உள்ளே கூட்டிப்போனாள். இறால் குழம்பு அவருக்கு உறைத்தது. மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். முழங்கால் நோவு, பேரப்பிள்ளைகள், கார்டெரியில் கடிக்கிற பிள்ளைகள் என்று இரண்டு பேரும் நெடுநேரம் கதைத்தார்கள். தியாகலிங்கம் கையெல்லாம் தாரோடு வந்து வாசலில் நின்றார்.

"என்ன கதைக்கிறியள்?"

"ஒண்டுமில்லை," என்றாள் இந்திராதேவி. "கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."