மூன்று ராஜாக்களுக்கு ஒரே நம்பர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில், சரக்கைச் சோதித்து அனுப்பும் பிரிவில் வேலை பார்க்கிறேன். மெஷினிலிருந்து வந்து விழும் டப்பா, மூடி எதுவானாலும் என் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போகும். ஓரத்தில் பிசிறு இருக்கிறதா, உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா, ஒட்டின இடம் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். சரியில்லை என்றால் சிவப்புத் தொட்டிக்குள் போட்டுவிடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கேட்டுச் சொல்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை.

எனக்குப் பழைய நாணயம் சேர்க்கும் பைத்தியம் உண்டு. சின்னப் பைத்தியம்தான். ஓட்டைக் காலணா, தாமரைப்பூ போட்ட இருபது பைசா என்று ஒரு மிட்டாய் டின்னுக்குள் அடங்கிக் கிடந்தது. அது பெரிதானது ஒரு பன்றியால்.

பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்றில் ராஜாவின் அங்கியில், நெஞ்சுக்கு நேராக, கடுகளவுக்கு ஒரு யானை உண்டு. முதலில் அச்சடித்தபோது தும்பிக்கை குட்டையாகப் போய், யானை பார்க்கப் பன்றி போல ஆகிவிட்டதாம். ராஜா நெஞ்சில் பன்றியைச் சுமக்கிறாரே என்று ஜனங்கள் முணுமுணுக்க, அரசாங்கம் அந்த ரூபாய்களைத் திரும்ப வாங்கி உருக்கிவிட்டு, தும்பிக்கையை நீட்டி மறுபடி அச்சடித்தது. உருக்கலிலிருந்து தப்பித்த பன்றிகளுக்குத்தான் இப்போது கிராக்கி.

திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவ்வப்போது நாணயக் கண்காட்சி நடக்கும். அங்கேதான் அந்த வியாபாரியைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டாக்டர் ஸ்டெதஸ்கோப் போட்டுக்கொள்வதுபோல ஒரு பூதக்கண்ணாடி. அவர் மேஜையில், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் பன்றி ரூபாய் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

வெளிநாட்டில் இதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. நாணயத்தை அனுப்பினால் அசலா போலியா என்று பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, திறக்க முடியாதபடி ஒரு பெட்டிக்குள் வைத்து ஒட்டி, நம்பர் அச்சடித்த சீட்டோடு திருப்பி அனுப்புவார்கள். பெட்டியை உடைத்தால் மார்க் போய்விடும். உடைக்காதவரை யாரும் வாய் பேச முடியாது.

“பொட்டிய பாருங்க சார். இதுக்கு மேல இன்னா வேணும்?” என்றார் வியாபாரி.

பெட்டியைப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். வேலையில் பார்ப்பதுபோலப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கோயிலில் சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

“எழுபதுக்கு அறுபத்து நாலா? நீங்க பத்தாங்கிளாஸ்ல வாங்குனத விட ஜாஸ்தியா கீதே.”

“அத வுடு. நெஞ்சுல பாரு, பன்னி தெரிதா?”

கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “பன்னியும் இல்ல, யானையும் இல்ல. பெருச்சாளி மாரி கீது.”

அவளுக்கு ரசனை போதாது என்று முடிவு கட்டி, பெட்டியில் இருந்த நம்பரை அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் அடித்துக் காட்டினேன். அதே நாணயம், அதே மார்க், கூடவே போட்டோ. “பாத்தியா? கம்ப்யூட்டரே சொல்லுது” என்றேன். அவள் போனையும் பெட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“இன்னாங்க, போட்டோல கீற ராஜாவுக்குக் கன்னத்துல கீறல் கீது. நம்ம ராஜா மொகம் மழுமழுன்னு கீது.”

“அது போட்டோ எடுத்தவன் கேமரால தூசிம்மே.”

“தூசியா? அப்ப தாடிகூட வேற மாரி கீதே?”

ராஜாவின் தாடியைப் பற்றி நடுவீட்டில் சண்டை போட்டுக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த கண்காட்சிக்கு அவளும் கூட வந்தாள். நாணயம் பார்க்க அல்ல, திருவள்ளூர் பெருமாள் கோயிலுக்கு. ஊத்துக்கோட்டையில் பஸ் மாறி, மண்டப வாசலில் என்னை விட்டுவிட்டு அவள் கோயிலுக்குப் போனாள். வாசலில் முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை மாதிரிதான் உள்ளே நுழைந்தேன். சட்டைப் பையில் பெட்டி பாதி வெளியே தெரியும்படி வைத்திருந்தேன். யாராவது கேட்க வேண்டுமே!

கேட்டார் ஒருவர். பெரிய மீசை, மீஞ்சூர்க்காரர், கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் பிளான்ட்டில் பம்ப் ஓட்டுகிறவர். என் பெட்டியைப் பார்த்ததும் சிரித்தார். தன் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து, பிரசாதம் பிரிப்பதுபோலப் பிரித்தார். உள்ளே அதே பெட்டி, அதே பன்றி. அண்ணன் தம்பி சந்தித்துக்கொண்டது போல இருவரும் கையைக் குலுக்கிக்கொண்டோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழகு பார்த்தோம். அப்போதுதான் அவர் மீசை ஆடுவது நின்றது.

“சார், நம்பரப் படிங்க.”

படித்தேன். அவருடையதைப் படித்தார். முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை ஒன்றே.

“உங்க பொட்டி என் நம்பர காப்பி அடிச்சிக்கீது சார்” என்றார்.

“நான்தான் மொதல்ல வாங்கனேன். உங்குளுதுதான் டூப்ளிகேட்டு.”

“இன்னா பேசறீங்க? ஒரிஜினல் வாங்கற மூஞ்சி இல்லியா எனக்கு?”

குரல் ஏறியது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கை நுழைந்தது. அந்தக் கையிலும் ஒரு பெட்டி.

ஊத்துக்கோட்டையில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் பெரியவர். தெலுங்கு கலந்த தமிழ். “சண்ட வாணாம் நைனா. என்னுதையும் சேத்துப் படிங்க. டப்பு குடுத்து வாங்கனது.”

படித்தோம். அதே நம்பர். ஒரே பெண்ணைப் பார்க்க வந்து வாசலில் சந்தித்துக்கொண்ட மூன்று மாப்பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

அந்த நேரம் பார்த்து மனைவி குங்குமமும் துளசியுமாக வந்து சேர்ந்தாள். விஷயத்தை அவளிடம் மீஞ்சூர்க்காரர்தான் சொன்னார். நான் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். அவளுடைய கைப்பையை மூடுகிற இடத்தில் காந்தப் பொத்தான் ஒன்று உண்டு, அருகே கொண்டுபோனாலே டப்பென்று பிடித்துக்கொள்ளும். அதன்மேல் பெட்டியை வைத்துப் பையைக் கவிழ்த்தாள். பெட்டி விழவில்லை. ராஜா தலைகீழாகத் தொங்கினார்.

“வெள்ளில காந்தம் ஒட்டுமா?” என்று பொதுவாகக் கேட்டாள்.

“பொட்டில ஏதாவது இரும்பு...” என்று நான் ஆரம்பித்தேன்.

“பிளாஸ்டிக்ல இரும்பா?” என்றாள். அந்தக் கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

மீஞ்சூர் ராஜாவும் தொங்கினார். ஊத்துக்கோட்டை ராஜாவும் தொங்கினார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூவரும் வாங்கியது அதே பூதக்கண்ணாடிக்காரரிடம்தான். அவரோ எதிர் வரிசையில், இன்னொருவருக்கு இன்னொரு பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

போனோம். முன்னால் மனைவி, பின்னால் நாங்கள் மூவர்.

“மூணுக்கும் எப்டிங்க ஒரே நம்பர்?” என்றாள்.

“ஒரே வருசத்து காயின் மேடம். அதனால ஒரே நம்பர்தான் வரும்.” ஆள் அசரவில்லை.

“காந்தம் ஒட்டுதே?”

“பழைய வெள்ளி மேடம். பழைய வெள்ளில ஒட்டும்.”

மனைவி குனிந்து, ஒரு காலிலிருந்து கொலுசைக் கழற்றினாள். பொத்தானில் வைத்தாள். அது சறுக்கி அவள் உள்ளங்கையில் விழுந்தது. “இதுவும் பழைய வெள்ளிதான். எங்கம்மா போட்டுக்கினு இருந்தது. ஒட்டலியே?”

இங்கே அவர் தப்பித்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம், இல்லை மேஜையை மடக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். அதை விட்டு, அந்த மனிதர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் கொலுசைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“கொலுசு டூப்ளிகேட்டா இருக்கும் மேடம்.”

அதுவரை நாணய விவகாரமாக இருந்தது அந்த நொடியோடு நாணய விவகாரமாக இல்லாமல் போயிற்று.

“இன்னா சொன்ன? எங்கம்மா ஊட்டு கொலுசு டூப்ளிகேட்டா? அவுங்க கஞ்சி குடிச்சி சேத்து வாங்கின கொலுசு! எலிய புடிச்சி ராஜா நெஞ்சுல ஒட்டவச்சி விக்கிற நீ, எங்கம்மாவ டூப்ளிகேட்டுன்றியா?”

மண்டபம் முழுவதும் திரும்பியது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து நின்றார்கள். நாங்கள் ஏமாந்ததைப் பற்றி யாருக்கும் அவ்வளவு வருத்தமில்லை. கொலுசைப் பற்றித்தான் கொதித்தார்கள். “அம்மாவோட கொலுச போய்...” என்று ஒரு பெண்மணி தலையில் அடித்துக்கொண்டார்.

வியாபாரிக்கு வியர்த்துவிட்டது. “மேடம், பேஜார் பண்ணாதீங்க. கொஞ்சம் மெதுவா பேசுங்க. குடுத்துடறேன்” என்று கெஞ்சினார். மூன்று பேரின் பணமும் மேஜைக்கடியிலிருந்து வந்தது. பெட்டிகளைத் திருப்பி வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். கண்காட்சியை நடத்திய சங்கத்துக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. “குடுத்தா நாளைக்கு வேற ஒரு ஊர்ல வித்துடுவாரு” என்று சொல்லி, வாழைமரம் கட்டினவர்கள் விட்டுப்போன சுத்தியலை வரவழைத்து மூன்றையும் உடைத்தார். நாணயங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அந்த ஆளுக்கு இனி இங்கே மேஜை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

உடைந்த துண்டு ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. பழக்கதோஷம், எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரமெல்லாம் பிசிறு. மூலையில் வரிசையாகக் குமிழி. உருக்கி ஒட்ட வேண்டிய இடத்தில் பசையைத் தடவி, அது வழிந்து காய்ந்திருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன்கூட முதல் நாளிலேயே சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவான்.

“நீங்க இன்னா வேல சார் பாக்கறீங்க?” என்று மீஞ்சூர்க்காரர் அப்போது பார்த்துக் கேட்டார்.

“கம்பெனில” என்றேன்.

“இன்னா கம்பெனி?”

“தனியார் கம்பெனி.”

மனைவி கொலுசை மாட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். வாய்க்குள் சிரித்தாள். ஆனால் சொல்லவில்லை. திருமணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எனக்குச் செய்த உபகாரங்களில் அதை முதலில் வைப்பேன்.

திரும்பும்போது பெரியவரும் எங்களோடு அதே பஸ்ஸில் வந்தார். ஊத்துக்கோட்டையில் இறங்கியதும் விடமாட்டேன் என்று கடைக்கு இழுத்துப்போய், ஒரு பை நிறையக் கத்திரிக்காயும் முருங்கைக்காயும் என் மனைவியிடம் கொடுத்தார். பை கிழிகிற கனம். கும்மிடிப்பூண்டி வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நான்தான்.

மூவரும் இப்போது நல்ல சிநேகிதம். பெட்டி போட்ட நாணயத்தின் பக்கமே போவதில்லை, சில்லறையாகக் கிடைப்பதை வாங்கிக்கொள்கிறோம். எது கிடைத்தாலும் மீஞ்சூர்க்காரர் உடனே போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்புவார். பெரும்பாலும் காலையில் நான் நாஷ்டா சாப்பிடும் நேரம். நான் ஆவலாகப் பெரிதாக்கிப் பார்த்து, “சூப்பர் காயின் சார்” என்று எழுதுவேன். பதிலுக்கு ஒரு குரல் செய்தி வரும்.

“சரி சார். மேடம் கீறாங்களா?”

போனை அவளிடம் நீட்டிவிட்டு, அடுத்த இட்லியைச் சட்னியில் தொட்டுக்கொள்வேன்.