அவள் மூச்சு வாங்கிய இடம்

கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்தவன் நான். குறுக்கு விசாரணையில் எனக்கு ஒரு பழக்கம். சாட்சி பதிலை முடிக்காமல் மூச்சு வாங்கும் இடத்தில் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவேன். அவர் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதற்காகவே கட்சிக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

வீட்டிலும் நான் அப்படித்தான் இருந்தேன்.

என் மனைவி நாகலாபுரம் பக்கம். "அது வந்து" என்று தொடங்கி, சற்று நிறுத்தி, பிறகுதான் விஷயத்துக்கு வருவாள். அந்த நிறுத்தத்தில் நான் புகுந்துவிடுவேன். நான் வளர்ந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறவர்கள். பேசாமல் இருந்தால் கோபம் என்று அர்த்தம். அதனால் அவள் பேச்சை நான் முடித்து வைப்பதை உதவி என்றே நினைத்தேன்.

"என்ன அத்தான், எங்க அக்காவுக்கும் சேத்து வக்காலத்து போட்டிருக்கியளோ?" என்று கொழுந்தியாள் கேலி செய்வாள். எல்லோரும் சிரிப்போம். மனைவியும் சிரிப்பாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவளை உள்ளூர் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன்.

"என்னம்மா செய்யுது?"

"அது வந்து டாக்டர்..."

"அடிவயித்து வலி டாக்டர். வாய்வுதான். நேரத்துக்குச் சாப்பிட மாட்டா," என்றேன்.

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். வாய்வுக்கு மாத்திரை கிடைத்தது. அடுத்த முறை போனபோதும் அதே கதைதான்.

மறு வருடம் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் மட்டும் பேசினார்கள். வெகுநேரம் கழித்து வந்த டாக்டர், மாதவிடாய் நின்ற பிறகும் மாதக்கணக்கில் ரத்தம் போயிருக்கிறது என்றார். கர்ப்பப்பையில் புற்று. முற்றிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: "டாக்டரம்மாட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க..." என்று நிறுத்தினாள்.

"என்கிட்டயாவது தனியாச் சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

சாத்தூர் தாண்டும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வாக்கியத்தின் மிச்சத்தை அவள் பிறகு சொல்லவேயில்லை.

படுக்கையில் விழுந்தபின்தான் நான் காத்திருக்கப் பழகினேன். ஒரு மத்தியானம் ஏதோ சொல்ல உதட்டை அசைத்தாள்.

"சொல்லு," என்றேன். பிறகு வாயைத் திறக்கவில்லை. தெருவில் ஒரு லோடு ஆட்டோ போய், அதன் சத்தமும் அடங்கியது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களே சொல்லுங்க," என்றாள்.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.