அமெரிக்க வேகனின் இரும்புக் கதவு

வெயிலில் காய்ந்த இரும்பும் சாக்கும் தவிடும் கலந்த ஒரு சூடான வாசனை, உலகச் சண்டை முடிந்த அடுத்த பங்குனியில், சேலம் கூட்ஸ் ஷெட்டிலிருந்து எங்கள் குடிசை வரை வரும். அப்பா இறந்தபின் அம்மா அங்கே காலி வேகன்களைக் கூட்டி, சிந்திக் கிடக்கும் அரிசியைப் புடைத்துக் கொண்டுவருவாள். ரேஷன் போதாத அந்நாளில் அந்தக் "கூட்டரிசி"தான் எங்களுக்குக் கஞ்சி. உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாக முறத்தை வேகன் படியில் சாத்தி வைப்பார்கள். அதைக் கண்டால், காலி வேகன்களை அடைத்து அனுப்பும் பாயிண்ட்ஸ்மேன் கதவைத் தொடமாட்டார்.

அப்போதுதான் அமெரிக்காவில் செய்த வேகன்கள் வந்தன. பழைய பலகை வண்டிகளைப் போல் அல்ல, முழுக்க இரும்பு, படி கிடையாது, கதவு பக்கவாட்டில் ஓடும். இதே அமெரிக்க வண்டிகள் இடிந்து கிடக்கும் ஐரோப்பாவிலும் கோதுமை ஏற்றுவதாகப் பத்திரிகையில் படித்துச் சொன்னேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் என்ற திமிர் எனக்கு நிறைய இருந்தது. "அங்கயும் நம்மளாட்டம் கூட்டறவங்க இருப்பாங்களா அம்மிணி?" என்று மட்டும் அம்மா கேட்டாள்.

படி இல்லாததால் ஒருநாள் காலையில் முறத்தை என்னிடம் கொடுத்தாள். "புடிச்சுட்டு இங்கயே நில்லு சாமி. நா வெளிய வார வரைக்கும் நவுராதே."

லெவல் கிராசிங்கில் என் வகுப்புப் பெண்கள் வந்தார்கள். முறமும் கையுமாக அவர்கள் கண்ணில் படக் கூசினேன். அம்மா இப்போதே இறங்கிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதைத் தண்டவாளக் கட்டை அடுக்குக்குப் பின்னால் செருகிவிட்டு அவர்களோடு போய்விட்டேன்.

சாயங்காலம் அம்மாவும் இல்லை, அந்த வேகனும் இல்லை. தேடியவர்களிடம் நான் வாய் திறக்கவில்லை. வேகனில் இருந்தாள் என்றால் முறம் எங்கே என்று கேட்பார்களே. மறுநாள் மத்தியானம் சங்ககிரியில் கதவைத் திறந்தபோது மூலையில் சுருண்டு கிடந்தாளாம். கொதிக்கும் இரும்பை அடித்து அடித்து உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. அப்படியே சேலத்துக்குக் கூட்டிவந்தார்கள்.

"அமெரிக்காவுக்கே போயிரலாம்னு ஏறுனியா?" என்று சிரித்தார் கூட்ஸ் கிளார்க். பாயிண்ட்ஸ்மேன் ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் அழுதார். "முறம் இல்லீங்க. இருந்திருந்தா என் கை அந்தக் கதவத் தொடுமுங்களா? மூணு புள்ளைக்காரனுங்க நா."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, "அவரு மேல தப்பில்லீங்க. நாந்தான் முறத்த வெக்காம ஏறிட்டேனுங்க" என்றாள், காற்றாய்ப் போன குரலில்.

அவர் வேலை தப்பியது. அம்மாவை அதன்பின் ஷெட்டுக்குள் விடவில்லை. ஆறாத கையோடு கல் உடைக்கப் போய் என்னைப் படிக்க வைத்தாள்.

இப்போது நான் ஆட்டையாம்பட்டியில் வாத்தியாரம்மா. ஷெட்டில் கூட்டரிசி அள்ளும் பெண்கள் இல்லை. அமெரிக்க வேகன்களும் எந்தப் பக்கமோ போய்விட்டன. அம்மா என்னோடு இருக்கிறாள்; அவள் குரல்தான் திரும்பவில்லை. இதை எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நான் முறத்தை ஒளித்த இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள், வெறும் காற்றாக. "அத்தன பேரு தேடுனாங்களே, அப்பவாச்சும் ஏன் சாமி சொல்லல?"

காகிதத்தை மடித்து வைத்தேன். பிறகு பிரித்து, அவள் கேட்டதையும் கீழே எழுதினேன்.