அலீர் மாமாவின் கலப்பட வசனம்

"நீதான் புது சூஃப்ளேஸா?" என்று கேட்டார் அலீர் துவாரோன்.

ஆமாம் என்றேன்.

"அப்ப மொதல்ல வாசலுக்குப் போ. ரெண்டடி பனி கெடக்கு. ஊதித் தள்ளிட்டு வந்து ஒக்காரு."

கிழக்குக் கனடாவின் மங்க்டனில் நாங்கள் பேசும் பிரெஞ்சில் சூஃப்ளேஸ் என்றால் ஊதுகிறவள். நடிகர் வசனத்தை மறந்தால் மறைவிலிருந்து எடுத்துக் கொடுப்பவளுக்கும் அதுதான் பெயர், வாசல் பனியை ஊதித் தள்ளும் இயந்திரத்துக்கும் அதுதான் பெயர். அந்த வாரத்தில் அந்த வேடிக்கையை நான் கேட்டது நான்காவது முறை. ஆனால் சொன்னவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் நாடகத்தின் அறிமுகத் தாளுக்காக ஒவ்வொரு நடிகரைப் பற்றியும் நான்கு வரி எழுதி அச்சுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். தாளும் பென்சிலுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் வயதில் பெரிய ஆண்கள் எல்லாருமே மாமாதான்.

"இதுவரைக்கும் என்னென்ன வேஷம் போட்டிருக்கீங்க, மாமா?"

"பொணம்."

"எதுல?"

"நாலு டிவி தொடர்ல. எல்லாம் டொராண்டோவுல எடுத்தது. ஒருதடவை ஏரியில மெதந்தேன். ரெண்டு தடவை கார் டிக்கி. நாலாவது தடவை கட்டில். அசந்து தூங்கிட்டேன். கொறட்டை விட்டதால திரும்ப எடுத்தாங்க."

"பேசுற வேஷம்?"

"விளம்பரத்துல ஒரு மீனுக்குக் குரல் குடுத்தேன். அப்புறம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போற நாடகத்துல பதினொரு வருஷம் கரடி. காலையில பிரெஞ்சுக் கரடி, மத்தியானம் இங்கிலீஷ் கரடி."

"வேற?"

"போலீஸ்காரன் மூணு, பாதிரியார் ரெண்டு. மாண்ட்ரியல்ல ஒரு பெரிய நாடகத்துல கதவு தொறக்கிறவன். 'அம்மா, வண்டி வந்தாச்சு.' அவ்ளோதான் வசனம். நூத்தி இருபது நாள் அந்த வண்டி வந்துச்சு."

"இதுல எதைப் போடட்டும்?"

கொஞ்சம் யோசித்தார். "கரடியைப் போடு. பொணத்தைப் போட்டா ஸெலிக்கா விடமாட்டா. வீட்லயும் இவர் அதே வேஷம்தான்னு ஊரெல்லாம் சொல்லுவா."

ஸெலிக்கா அவர் மனைவி.

அச்சில் கரடிதான் வந்தது. நான்கு வரியில் அடங்காத மிச்சம் இது. சிங்கி இறால் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். மீனைப் புகைபோடும் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, மாதா கோவில் நாடகத்தில் நடிக்கவேண்டிய ஒன்றுவிட்ட அண்ணனுக்கு அம்மை போட்டது. அண்ணனின் சட்டை இவருக்குச் சரியாக இருந்தது, அதனால் மேடையேற்றிவிட்டார்கள். அப்போது வயது இருபத்திரண்டு. அன்று முதல் வசந்தத்தில் படகு, குளிர்காலத்தில் மேடை, நடுவில் யாராவது கூப்பிட்டால் கேமரா. நாற்பது வருஷத்தில் ஒருநாளும் கதாநாயகன் இல்லை.

அறுபத்திரண்டாவது வயதில் கிடைத்தது. ஒரு கலங்கரை விளக்கத்தின் காவலர் வேடம். இனி விளக்கை இயந்திரமே பார்த்துக்கொள்ளும், நீ வீட்டுக்குப் போ என்று சொல்ல ஓர் இளம் அதிகாரி வருகிறான். காவலர் மறுக்கிறார். கதை அவ்வளவுதான், ஆனால் ஒன்றரை மணி நேரமும் அவர்தான் பேசவேண்டும். வியாழக்கிழமை பிரெஞ்சில், வெள்ளிக்கிழமை ஆங்கிலத்தில்.

"போஸ்டர்ல என் பேரு எவ்ளோ பெரிசா இருக்கு பாத்தியா? கண்ணாடி போடாமயே படிக்கிறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

தொல்லை மொழியால் வந்தது. பிரெஞ்சு வசனத்தை அடுப்படியில் நின்று படித்தார், ஆங்கில வசனத்தை வண்டி ஓட்டிக்கொண்டே படித்தார். அப்படியும் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. அதிகாரியைப் பார்த்து "ஒருபோதும் முடியாது, தம்பி, ஒருபோதும் முடியாது" என்று சொல்லும் இடம் உண்டு. பிரெஞ்சில் அது "ழமே, மோன் கா, ழமே". அலீர் மாமா அங்கே வந்ததும் "ழமே, மை பாய், நெவர்" என்பார். எங்கள் ஊரில் பால்காரரிலிருந்து மேயர் வரை பேசுவது இப்படித்தான். அவருக்குத் தான் கலந்தது காதிலேயே விழாது.

இயக்குநர் ஒர்த்தான்ஸ் அம்மாவுக்கு விழுந்தது. அவர் மாண்ட்ரியல்காரர்.

"அலீர், நீங்க ரெண்டு மொழியையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டுறீங்க."

"எங்க வீட்ல சட்டி ஒண்ணுதாங்க."

"வேடிக்கை போதும். புதன்கிழமை வெள்ளோட்டத்துல ஒரு வார்த்தை கலந்தாலும் கஸ்பார்தான் நடிப்பான்."

கஸ்பார் மாற்று நடிகன், மாண்ட்ரியலிலிருந்து ஒட்டுத்தாடியோடு வந்திருந்தான். மாமா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஸெலிக்கா கொடுத்தனுப்பிய கோழி சூப்பை என் பக்கம் தள்ளிவிட்டு வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மூன்று மணிக்கு அரங்கு நிறைய எங்கள் ஊர் ஜனங்கள். பாறை போல வரைந்த பலகைக்குப் பின்னால் நான் பிரதியோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் பிரெஞ்சில் ஒரு சொல் பிசகவில்லை. அதிகாரி உத்தரவை நீட்டினான். மாமா மூச்சை இழுத்தார்.

"ழமே, மை பாய், நெவர்!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் சிரித்தது ஸெலிக்கா, மூன்றாவது வரிசையிலிருந்து. பிறகு அரங்கமே சிரித்தது, கைதட்டியது, யாரோ எழுந்து நின்று "அப்படிப் போடு, அலீர்!" என்று கத்தினார். தங்கள் வீட்டில் சண்டை போடும் அதே கலப்புப் பேச்சை முதல்முறையாக மேடையில் கேட்ட சந்தோஷம் அது. என்ன தவறு செய்தோம் என்று தெரியாமல் மாமா விழித்துக்கொண்டு நின்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

முடிந்ததும் ஒர்த்தான்ஸ் அம்மா மேடைக்குப் பின்னால் வந்தார். சிரித்துச் சிரித்துக் கண் ஈரமாகியிருந்தது. "நான்தான் தப்பு. நாளைக்கும் அதே இடத்துல அதே மாதிரி சொல்லுங்க" என்றார்.

வியாழக்கிழமை காலை ஒத்திகையில் எட்டு முறை அந்த இடத்தை நடித்தார். முதல் மூன்று முறையும் மாண்ட்ரியல் வானொலி போலச் சுத்தமான பிரெஞ்சு வந்தது. நான்காவது முறையிலிருந்து வேண்டுமென்றே கலந்தார். கரடி நாடகத்தில் குழந்தைகளுக்குப் பாடம் எடுப்பது போல இருந்தது.

"பொய்யா இருக்கு" என்றார் ஒர்த்தான்ஸ் அம்மா. "தானா வந்தா வரட்டும். சுத்தமான பிரெஞ்சுதான்னா அதுக்கு என்கிட்ட கஸ்பார் இருக்கான். இன்னைக்கு ஒருநாள் பாக்கலாம், வரலேன்னா அப்புறம் அவன்தான்."

"நாப்பது வருஷமா வராத சுத்தம், இன்னைக்குப் பாத்து வந்து குந்திக்கிச்சே" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். கஸ்பாரே சிரித்துவிட்டான்.

அந்த வேடத்தில் அலீர் மாமா இரண்டு குளிர்காலம் நடித்தார். ஹாலிஃபாக்ஸ் வரை போய் வந்தோம். அதன் பிறகு ஒரு திரைப்படத்தில், கடைசிவரை உயிரோடு இருக்கும் தாத்தாவாகக்கூட வந்தார். அந்த வசனத்தை அவர் எப்படித் திரும்பப் பிடித்தார் என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் சொன்னதில்லை. அந்த வியாழக்கிழமை திரை விலகப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாமா பாறைக்குப் பின்னால் வந்து, என் நாற்காலிப் பக்கத்தில் குனிந்துகொண்டார்.

"இந்தா பொண்ணே, நீ ரெண்டு மொழியும் பிரிச்சுப் படிச்சவ. பிரதியில இல்லாத ஒரு எழுத்தைக்கூட நீ ஊதமாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்காக ஒண்ணு செய். நான் முதல் 'ழமே' சொல்லிட்டு மூச்சு வாங்குவேன். அந்த நேரம் பாத்து இங்கிலீஷ் வசனத்தை எடுத்துக் குடு. காதுல என்ன விழுதோ அதைத்தான் என் வாய் சொல்லும். நாப்பது வருஷப் பழக்கம். என்னைக் கொஞ்சம் தப்பா பேச வையேன், கண்ணு."