செண்பகம் படிக்காமல் போன படிப்பு

போன வியாழக்கிழமை தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். இட்லித் தட்டு வாங்க. எங்கள் வீட்டு இட்லிப் பானையின் நான்கு தட்டுகளில் ஒன்றைக் காணோம். ஃபிளாட்டுக்குள் ஒரு தட்டு எப்படிக் காணாமல் போகும்? தெரியவில்லை. போய்விட்டது.

கல்லாவில் இருந்த பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இந்தப் பத்தியின் தலையில் இருக்கும் போட்டோவை வைத்து என்னை அடையாளம் கண்டுகொள்ளும் வாசகர்கள் உண்டு. (போட்டோவில் முடி கொஞ்சம் அதிகம்.) சரி, ஒரு வாசகி என்று பெருமையோடு சிரித்து வைத்தேன்.

"பேப்பர்ல எழுதறது நீங்கதானே சார்?"

"ஆமாம்மா."

"உங்க கட்டுரை ஒண்ணு எங்க வீட்டு பீரோவுல ரொம்ப நாள் ஒட்டியிருந்தது."

எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எந்தக் கட்டுரை என்று கேட்டேன். கேட்காமல் தட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

"ஜெண்டர் ஸ்டடீஸ் படிக்கிறதைப் பத்தி எழுதினீங்களே... அது."

எனக்கு நினைவில்லை. சத்தியமாக இல்லை. அவருக்கு இருந்தது.

அவர் பெயர் செண்பகம். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இந்தக் கடையைப் போட்டவர். மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. முடித்ததும், செண்பகத்துக்கும் அவருடைய தோழி ஃபரீதாவுக்கும் ஹைதராபாத்தில் எம்.ஏ. சேர இடம் கிடைத்திருக்கிறது. பாடம், பண்பாடும் பாலினமும். அப்பா அரை மனசாகத் தலையாட்டிவிட்டார். அம்மா புதுப் பெட்டி வாங்கிவிட்டார். ரயிலுக்கு டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் பத்தி வந்தது.

"அப்பா உங்க பத்தியை ஒரு வாரம்கூட விடமாட்டார் சார். படிச்சுட்டு என்கிட்ட நீட்டினார். 'நானா சொல்லுதேன்? பேப்பர்ல எழுதுதவரே சொல்லுதாரு. இதப் படிச்சா என்ன சோலி கெடைக்குமாம்? நீயே பாரு'ன்னார். அதோட முடிஞ்சது."

ஃபரீதா மட்டும் ரயில் ஏறியிருக்கிறார். செண்பகம் இங்கேயே எம்.காம். படித்தார். கல்யாணம், இரண்டு குழந்தைகள். இப்போது கடை அவர் பொறுப்பு.

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"அதுல என்னம்மா படிக்கணும்னு இருந்தீங்க?" என்று கேட்டேன்.

கடையின் மூலையைக் காட்டினார். வயதான ஒருவர் ஒரு குடத்தைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு பெயர் வெட்டிக்கொண்டிருந்தார்.

"சின்ன வயசுல ஸ்கூல் விட்டா இங்கதான் உக்காந்திருப்பேன். சீர்ப் பாத்திரத்துல யார் பேரை வெட்டறதுன்னு பெரியவங்க சண்டை போடுவாங்க. பொண்ணோட அப்பா பேரா, மாப்பிள்ளை பேரான்னு. பக்கத்துல பொண்ணு நிக்கும். அதுகிட்ட யாரும் கேக்க மாட்டாங்க. ஒரு தடவை ஒரு அக்கா தனியா வந்தாங்க. கையில அண்டா. அதுல இருக்கற இனிஷியலை மட்டும் தேய்ச்சு எடுத்துத் தர முடியுமான்னு கேட்டாங்க. பேரு இருக்கட்டும், இனிஷியல் வேண்டாம்னாங்க. ஏன்னு எங்க அப்பா கேக்கலை. எனக்குக் கேக்கணும்போல இருந்தது. அட்மிஷனுக்கு அதைத்தான் சார் எழுதி அனுப்பினேன்."

ஒரு படிப்பு என்னவென்று எனக்கு இரண்டு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் தாமதமாக.

"ஃபரீதா இப்போ என்ன பண்றாங்க?" உள்ளுக்குள் ஓர் அற்ப ஆசை. வேலை கிடைக்காமல் கஷ்டப்படுகிறார் என்று சொல்லிவிட மாட்டாரா...

"பேரிடர் நிவாரணத்துல இருக்கா சார். வெள்ளம் வந்தா முகாம் எப்படி இருக்கணும்னு திட்டம் போடறவங்ககூட. போன தடவை வேளச்சேரியில தண்ணி நின்னப்ப வந்திருந்தா. பாத்ரூம் எங்க இருக்கு, உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா, ராத்திரி அங்க போற வழியில லைட் எரியுதா... அதெல்லாம் அவதான் பார்ப்பா. அரிசி, பருப்பு, பால்பவுடர் எல்லாம் வந்து இறங்கியிருக்கு. நாப்கின் மட்டும் லிஸ்ட்லயே இல்லையாம். லிஸ்ட் போட்டவங்க எல்லாரும் ஆம்பளைங்க. தப்பா நினைச்சு விடலை சார், தோணலை, அவ்வளவுதான்னா."

தட்டை வாங்கிக்கொண்டு அடையாறு வந்து சேர்ந்தேன். பழைய பத்திகளை ஃபைல் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம் தேடிய பிறகு கிடைத்தது.

'ஆண் என்றால் யார், பெண் என்றால் யார் என்று தெரிந்துகொள்ள இரண்டு வருஷப் படிப்பா? கல்யாணம் செய்துகொள்ளுங்கள், இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும். படித்து முடித்தபின் வேலை? கவலை வேண்டாம், பட்டிமன்றத்தில் பேசலாம்!'

நான்தான் எழுதியிருக்கிறேன். என் பெயர், என் போட்டோ.

எழுதிய கதையும் இப்போது நினைவுக்கு வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் கட்டுரைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். வராந்தாவில் அந்தத் துறையின் போர்டைப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே நான்கைந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்து, "இங்கே என்னங்க படிக்கிறீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம். மறுநாள் பத்தி கொடுக்க வேண்டும், விஷயம் எதுவும் கைவசமில்லை. போர்டு இருந்தது. அரை மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன்.

அந்த வாரம் நிறையக் கடிதங்கள். எல்லோருக்கும் பிடித்திருந்தது.

மனைவியிடம் பேப்பரை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட வாசிச்சுக் காட்டினீங்க. ஞாபகம் இருக்கா?"

"நீகூடச் சிரிச்சியே."

"இல்லை. நீங்கதான் சிரிச்சீங்க. நான் சிரிக்கிறேனான்னு நிமிர்ந்துகூடப் பார்க்கலை."

கூடவே வாழ்ந்த முப்பது வருஷத்தில் இப்படி எத்தனை முறை நிமிர்ந்து பார்க்காமல் இருந்திருக்கிறேன்? அதையும் கேட்டிருக்கலாம். பதிலை நினைத்துப் பயந்து கேட்கவில்லை.

சனிக்கிழமை மறுபடியும் கடைக்குப் போனேன். வாங்க ஒன்றுமில்லை. செண்பகத்திடம் நேராகச் சொல்லிவிட்டேன். "தெரியாத விஷயத்தைத் தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன். மன்னிச்சிடும்மா."

"பரவாயில்லை சார். நீங்க எழுதலைன்னா வேற யாராவது சொல்லியிருப்பாங்க."

இருக்கலாம். ஆனால் எழுதியது வேறு யாரோ இல்லையே.

"இப்பக்கூடப் படிக்கலாமேம்மா. தபால்ல, ஆன்லைன்ல..." என்று இழுத்தேன்.

"படிக்கலாம் சார். ஆனா படிக்கப்போறது இருபத்திரண்டு வயசுல பெட்டி கட்டி வச்சிருந்த பொண்ணு இல்லையே, வேற ஆளுல்ல?" ஒரு பில்லைக் கிழித்து வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார். "எம் பொண்ணு மூணாவது படிக்கிறா. அவ என்ன கேட்டாலும் நான் முதல்ல என்ன ஏதுன்னு கேட்டுக்குவேன். அந்தப் புத்தி மட்டும் வந்திருக்கு."

அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். பாலவாக்கத்தில் இவர்களோடுதான் இருக்கிறாராம். சர்க்கரை முற்றி இரண்டு கண்ணும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரைச் செண்பகம்தான் வாசித்துக் காட்ட வேண்டும். முதலில் இந்தப் பத்தி.



"இதையெல்லாம் எழுதட்டுமா? உங்க பேரை மாத்திடறேன்."

"எழுதுங்க சார். பேரை மாத்த வேண்டாம். அப்பாவும் கேக்கட்டும்." பிறகு சிரிக்க முயன்றார். "வாசிக்கறப்ப எனக்குத்தான் குரல் வருமான்னு தெரியலை."

எனவே, அண்ணாச்சி... இது உங்களுக்கு. அன்று நான் எழுதியதை நம்பித்தான் பிள்ளையை நிறுத்தினீர்கள். நான் எழுதியது தப்பு. எனக்கு அந்தப் படிப்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. உங்கள் மகளுக்குத் தெரிந்திருந்தது.

வாசிக்கிறவர் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினால் — அவசரப்படுத்தாதீர்கள்.